போசரி டெம்போக்களை நான் அழித்த விதம்

சுத்தம் சோறு போடும் என்பார்கள். என் விஷயத்தில் அது சோற்றில் மண்ணைத்தான் போட்டது. அதனால், யாராவது கேட்காமலே முன்வந்து 'நான் சுத்தம் பண்ணித் தருகிறேன்' என்று சொன்னால், நான் இன்றைக்கும் நாலடி தள்ளி நிற்பேன். அப்படி முன்வந்த பெண் ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் கிரேஸ். வயது இருபத்திரண்டு. தலைக்கனம், அவள் தூக்கக்கூடிய எடையைவிடக் கொஞ்சம் அதிகம்.

எண்பதுகளின் கடைசி. புனேயில், கட்கியில் எங்கள் வீடு. அப்பா ராணுவ அலுவலகம் ஒன்றில் கிளார்க். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கன்டோன்மென்ட் ஓரமாகவே தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் குடும்பத்தில் பெண் பிறந்தால் டீச்சர் என்று தொட்டிலிலேயே முடிவாகிவிடும். அம்மா டீச்சர். பெரியம்மா பாளையங்கோட்டையில் டீச்சர். அத்தைகள் அத்தனை பேரும் டீச்சர். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடினால், சாப்பிடும்போதே யாராவது ஒருவர் 'நிமிர்ந்து உட்காரு' என்று பொதுவாகச் சொல்வார், மாமாக்கள் உட்பட அத்தனை பேரும் நிமிர்வார்கள். எனக்கோ சாக்பீஸ் தூசி பட்டாலே தும்மல். அந்த வம்சத்திலிருந்து தப்பிக்கத்தான் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தேன். பக்கத்தில் போசரி தொழிற்பேட்டையில், என்ஜின் இடுக்குகளை அடைக்கும் கேஸ்கெட் செய்கிற ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. பதவி: கம்ப்யூட்டர் ஆபரேட்டர், அடைப்புக்குறிக்குள் டெம்பரரி.

அந்த அடைப்புக்குறிதான் அப்பாவின் கண்ணில் முதலில் பட்டது.

"ஏட்டி கிரேஸ், மே மாசம் முடியதுக்குள்ள பெர்மனென்ட் ஆர்டர் வந்துட்டுன்னா இங்கனயே இரி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். வரலன்னா ஜூன்ல பாளையங்கோட்டை. டீச்சர் ட்ரெயினிங்குக்குப் பெரியம்மா சீட்டுக்குச் சொல்லி வச்சிருக்காவ."

"வரும்ப்பா. நான் இல்லன்னா அந்தக் கம்ப்யூட்டர யாருக்கும் ஆன் பண்ணக்கூடத் தெரியாது."

(இது மட்டும் உண்மை. மீதி எல்லாம் வாய்க்கொழுப்பு.)

கம்பெனியில் மொத்தமே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஒரு கண்ணாடி அறை, ஏசி, தசராவுக்கு சாமந்தி மாலை, குங்குமம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதலாளிக்கு அடுத்த இடத்தில் இருந்த ஜோக்லேகர் சாகேப்பும் ஷூவைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மே மாத வெயிலில் அந்த அறையில் மட்டும் ஜில்லென்று இருந்ததால், கம்பெனியில் எல்லோருக்கும் திடீரென்று கம்ப்யூட்டரில் ஏதோ அவசர வேலை இருந்தது. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் உள்ளே ஏதோ ஆரத்தி நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

நிஜமாகவே வேலையோடு வந்தவர் ஒருவர்தான். ஷோபா தாயி. (மராத்தியில் அக்காவைத் 'தாயி' என்பார்கள். எங்கள் வீட்டில் பெற்றவளைத்தான் அப்படிக் கொஞ்சுவோம். அதனால் அவரை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகமாகவே வந்துவிடும்.) சரக்கு அனுப்பும் பிரிவு அவருடையது. எந்த டெம்போ, எந்தத் தொழிற்சாலைக்கு, எந்த கேட் வழியாக, என்ன சரக்கோடு போக வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். ஒவ்வொரு டெம்போவுக்கும் ஒரு தாள். அதைக் காட்டினால்தான் அந்தத் தொழிற்சாலை வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கற்றுக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு.

நான் கற்றுக்கொடுத்தேன். அந்தக் கண்றாவியையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கால கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலுக்கு எட்டு எழுத்துக்குள் பெயர் வைக்க வேண்டும். பிறகு ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின்னால் மூன்றே எழுத்து. அந்த மூன்றெழுத்து எதற்கு என்று ஷோபா தாயி கேட்டார். அது ஃபைலின் வகையைக் காட்டுவது, அதில் சிலதை கம்ப்யூட்டர் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது என்று முறையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சுருக்கமாக விளக்குவதில் கெட்டிக்காரி. மராத்திக்காரர்களுக்குப் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் இல்லாவிட்டால் தூக்கம் வராது. வேலையில் சேர்ந்த அன்றே "ஆட்நாவ் என்ன, ஆட்நாவ் என்ன" என்று அந்தக் குடும்பப் பெயரைக் கேட்டு என்னைத் துளைத்து எடுத்து, என்னிடம் அப்படி ஒன்று இல்லை என்றதும் அப்பா பெயர் ஜெபராஜைப் பிடித்து எனக்கு வாலாகக் கட்டிவிட்டவர்கள். ஆகவே சொன்னேன்: "அதுதான் தாயி, ஃபைலோட ஆட்நாவ். ஒரே குடும்பம்னா ஒரே ஆட்நாவ் வைக்கணும்."

ஷோபா தாயியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. இவ்வளவுதானா என்றார். ஒரு மாணவிக்குப் புரிந்துவிட்டால் டீச்சருக்கு ஒரு சந்தோஷம் வருமே, அது எனக்கு வந்தது. அதைப் பரம்பரை வியாதியின் முதல் அறிகுறி என்று நான் கண்டுகொள்ளவில்லை. ஷோபா தாயி என்ன ஆட்நாவ் வைத்தார் என்று எட்டிப் பார்க்கவும் இல்லை.

மே மாதக் கடைசி வாரம். ஜோக்லேகர் சாகேப்புக்கு வேண்டிய மாத அறிக்கையை அடித்து முடித்து சேமிக்கப் போனால், இடமில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. டிஸ்க் நிறைந்துவிட்டது. அந்த டிஸ்கின் மொத்தக் கொள்ளளவு, இன்று என் மருமகள் அனுப்புகிற 'குட் மார்னிங்' படங்களில் பத்துப் பன்னிரண்டைத் தாங்காது. ஆனால் அன்று அது சமுத்திரம். சமுத்திரம் நிறைந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

"புது டிஸ்க் வாங்கணுமா?" என்று சாகேப் கேட்டார். ஹிந்தியில்தான். அவர் குரலில் புது டிஸ்கின் விலை கேட்டது.

"வேண்டாம் சார். உள்ளே குப்பை சேர்ந்திருக்கு. நான் சுத்தம் பண்ணித் தரேன்."

"பண்ணிட்டா, உன் பெர்மனென்ட் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

அன்று மாலையே, புனே டெக்கன் பகுதியில் நான் படித்த கம்ப்யூட்டர் கிளாஸுக்கு ஓடினேன். அங்கே வைத்யா சாரிடம் இல்லாத புரோகிராம் கிடையாது. டிஸ்கைத் துடைக்கும் புரோகிராம் ஒன்றை ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தார். "முதல்ல படி, அப்புறம் ஓட்டு" என்றார். ஃப்ளாப்பியில் 'என்னைப் படி' என்றே ஒரு ஃபைல் இருந்தது. பாவம், பெயரிலேயே கெஞ்சியது. டிப்ளமா முடித்தவள் எதற்காகப் படிக்க வேண்டும்?

மறுநாள் பிற்பகல், செருப்புகள் வாசலில் குவிந்திருக்க, பார்வையாளர்கள் முன்னிலையில் புரோகிராமை நிறுவினேன். சும்மா சொல்லக் கூடாது, கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் கட்டளைகளைத் தட்டும்போது நான் பியானோ வாசிப்பது போலத்தான் தட்டுவேன். காப்பி கட்டளை, ஃப்ளாப்பியிலிருந்து டிஸ்குக்கு. பிறகு புரோகிராமின் பெயர். எண்டர். அது தேட ஆரம்பித்தது. ஒவ்வொரு குப்பையாகக் கண்டுபிடித்து, இதை அழிக்கட்டுமா, யெஸ்ஸுக்கு 'ஒய்'யா, நோவுக்கு 'என்'னா என்று கேட்டது. நான் ஒய், ஒய், ஒய் என்று அமுக்கினேன். பார்த்தவரைக்கும் உண்மையான குப்பைதான். ஆனால் கேள்வி நின்றபாடில்லை. சர்ச்சில் நீளமான ஜெபத்துக்கு நடுவே ஆமென் சொல்வது போல ஆகிவிட்டது. பின்னால் நின்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். பியானோ வாசிக்கிற கலைஞிக்கு இது தாங்குமா? கட்டளையோடு ஒரு கோடும் ஒய்யும் சேர்த்து அடித்தால் கேள்வி கேட்காமல் அழிக்கும் என்று தெரிந்திருந்தது. (எல்லாப் புரோகிராமிலும் இதை மட்டும் நான் முதலில் கற்றுக்கொண்டுவிடுவேன்.) சேர்த்து அடித்தேன். கண் மூடித் திறப்பதற்குள் டிஸ்கில் பாதிக்கு மேல் காலி.

கைதட்டினார்கள். வடா பாவ் வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகக் குறைந்திருக்கும். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதல் காரியமாகப் படிக்கிற ஃபைல் ஒன்று உண்டு. நாம் எழுந்ததும் பல் தேய்ப்பது போல, அதில் எழுதியதை அது தினமும் தானாகவே செய்துவிடும். அந்த ஃபைலைத் திறந்து, துடைக்கும் கட்டளையை, கேள்வி கேட்காத அந்த ஒய்யோடு சேர்த்து எழுதி வைத்தேன். "இனி தினமும் தானே சுத்தமாகிடும் சார்," என்று சாகேப்பிடம் சொன்னபோது, பாளையங்கோட்டை ரயில் எனக்கு எதிர்த்திசையில் போய் மறைவதைக் கண்ணால் கண்டேன்.

மறுநாள் காலை டெம்போக்கள் கேட்டில் வரிசையாக நின்றன. கண்ணாடி அறையிலிருந்து ஷோபா தாயியின் குரல் வந்தது.

"அக பாயி, மாஜா ஷிண்டே குடே கேலா?"

என் ஷிண்டே எங்கே போனான் என்கிறார். ஷிண்டே ஒரு டெம்போ டிரைவர். நான் ஜன்னல் வழியாக, அதோ கேட்டில் நிற்கிறார் பாருங்கள் என்று காட்டினேன். அந்த ஷிண்டே இல்லை, கம்ப்யூட்டரில் அவர் பெயரில் ஃபைலாக இருந்த ஷிண்டே. பவாரையும் காணோம். ஜக்தாபையும் காணோம். ஒருவர் பாக்கியில்லை.

ஜோக்லேகர் சாகேப் என்னைப் பார்த்தார். "நேத்து நீ ஓட்டின புரோகிராமா?"

"சார், அது குப்பையை மட்டும்தான் தொடும்." பிறகு ஷோபா தாயியிடம் திரும்பி, ஒரு வக்கீலின் நிதானத்தோடு கேட்டேன்: "உங்க ஃபைல் குப்பையா தாயி?"

"சீ, இல்லவே இல்லை," என்றார் அவர், புண்பட்டுப் போய்.

"அப்ப அது தொட்டிருக்காது."

இந்த வாதத்தில் யாருக்கும் ஓட்டை தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. அன்று டெம்போக்கள் குத்துமதிப்பாகக் கிளம்பின. ஸ்கூட்டர் கேஸ்கெட் டிராக்டர் கம்பெனிக்குப் போனது. டிராக்டர் கேஸ்கெட் எங்கே போனது என்று சாயங்காலம் வரை தெரியவில்லை. ஷோபா தாயி அழுகையை அடக்கிக்கொண்டு அத்தனை ஃபைல்களையும் திரும்ப அடித்தார். அடித்து முடித்து, சேமித்து, கம்ப்யூட்டரை அணைத்து, தொட்டுக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை வழக்கம் போல நான்தான் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். அது விழித்தெழ நேரமாகும் என்பதால் வழக்கம் போல டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஷோபா தாயி நாற்காலியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். மறுபடியும் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் கம்ப்யூட்டர் வைரஸ் என்ற சொல் புனேக்குள் காலடி எடுத்து வைத்திருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"வைரஸ் சார்."

சாகேப் இரண்டடி பின்னால் போனார். "காற்றில் பரவுமா?"

"இல்ல சார். வெளியிலிருந்து வர்ற ஃப்ளாப்பி வழியாத்தான் பரவும்."

சொல்லி முடித்த பிறகுதான், அந்தக் கம்பெனிக்குள் இதுவரை வெளியிலிருந்து ஃப்ளாப்பி கொண்டுவந்த ஒரே ஆள் யார் என்பது ஞாபகத்துக்கு வந்தது. நல்லவேளை, சாகேப்புக்கு வரவில்லை. கண்ணாடி அறைக்குள் வருகிறவர்கள் கையையும் டெட்டால் போட்டுக் கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டார். டிரைவர்கள் தங்கள் பங்குக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து, வண்டிக்குக் கட்டுவது போலவே கம்ப்யூட்டரின் நெற்றியில் கட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் ஷிண்டே மட்டும் பின்தங்கி நின்று, தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்.

"மேடம், மேரா நாம் கட் கயா க்யா?"

பெயரை வெட்டிவிட்டார்களா என்கிறார். கம்ப்யூட்டரில் பெயர் இல்லை என்றால் கம்பெனியிலும் வேலை இல்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அன்று ராத்திரி வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா குடும்ப ஜெபத்தில் கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொண்டார். என் தம்பி டேவிட், "அரே அக்கா, கம்ப்யூட்டருக்கும் புகார் வருதா? க்ரோசின் குடு" என்றான். (ஹிந்திக்காரர்களுக்குக் காய்ச்சல்தான் புகார்.) அவனுக்கு மூன்று பாஷையில் கிண்டல் வரும், ஒன்றில்கூடப் பாடம் வராது.

ஷோபா தாயி மறுபடியும் எல்லாவற்றையும் அடித்து வைத்திருந்தார். அடுத்த நாள் காலை ஜோக்லேகர் சாகேப், "நானே என் கண்ணால பார்க்கறேன், என்ன ஆகுதுன்னு" என்று வந்து நின்றார். எல்லோரும் வெறுங்காலோடு கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றோம். சாகேப்பின் காலுறை ஓட்டை வழியாகக் கட்டைவிரல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாரத்தில் நான் அவரைக் கண்டு பயப்படாத நேரம் அந்த ஒரு நிமிடம்தான்.

ஆன் செய்தேன். டீ குடிக்கப் போக முடியவில்லை. எண்கள் ஓடின. கம்ப்யூட்டர் கண் விழித்தது, பல் தேய்க்க ஆரம்பித்தது. 'தற்காலிகக் கோப்புகள் அழிக்கப்படுகின்றன' என்று ஆங்கிலத்தில் பணிவாக ஒரு வரி வந்தது. அதன் கீழே பச்சை எழுத்தில் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே மூன்றெழுத்து: டி, எம், பி. ஷோபா தாயி சாவு வீட்டில் பெயர் சொல்வது போல வாய்விட்டுப் படித்தார்.

"ஷிண்டே... பவார்... ஜக்தாப்... காளே..."

எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. நிறுத்தும் பட்டன் எது என்பது மட்டும் மறந்துவிட்டது. கடைசிப் பெயரும் போன பிறகு, இவ்வளவு இடம் காலியாகிவிட்டது என்று புரோகிராம் பெருமையோடு கணக்குச் சொன்னது.

"யே டி-எம்-பி க்யா ஹை?" அது என்ன என்று கேட்டார் சாகேப்.

"டெம்போ," என்றார் ஷோபா தாயி.

"டெம்பரரி," என்றேன் நான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"கிரேஸ்தான் சொன்னா சார், ஒரே குடும்பம்னா ஒரே ஆட்நாவ் வைக்கணும்னு," என்று ஷோபா தாயி என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். "எல்லாம் டெம்போ குடும்பம்தானே. அதான் டி-எம்-பி. கிரேஸ் நல்லா சொல்லித் தருவா சார்."

சாகேப் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு என்னிடம் கேட்டார். "அப்போ, டெம்பரரின்னா குப்பையா?"

"கம்ப்யூட்டருக்கு... ஆமா சார்."

"தும் பீ தோ டெம்பரரி ஹோ, கிரேஸ்."

நீயும் டெம்பரரிதானே. கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், கொஞ்சம் இளகியிருப்பார். அவர் கோபப்படவே இல்லை. மறந்து போன ஒரு விவரம் சட்டென்று ஞாபகம் வந்தவர் போலச் சொன்னார். சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு போனார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. கேண்டீனுக்குப் போனதும் சிரித்தார்கள். மறுநாளைக்குள் போசரி எஸ்டேட்டில் பாதிப் பேர் சிரித்து முடித்திருந்தார்கள்.

கம்ப்யூட்டர் பல் தேய்க்கிற அந்த ஃபைலிலிருந்து துடைக்கும் கட்டளையை எடுத்தேன். புரோகிராமையும் அழித்தேன், அதை மட்டும் ஒய் என்று அமுக்கி. ஷோபா தாயி சொல்லச் சொல்ல, டெம்போக்கள் அத்தனையையும் நானே உட்கார்ந்து அடித்தேன். வண்டிக்கு மராத்தியில் 'காடி' என்பதால், இந்த முறை ஆட்நாவ் ஜி, ஏ, டி. ஷிண்டேயை உள்ளே கூப்பிட்டு, செருப்பைக் கழற்ற வைத்து, திரையில் அவர் பெயரைக் காட்டினேன். அவர் அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். தொட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பெயர் திரும்ப வந்துவிட்டது. என்னுடையது வரவில்லை. மாதக் கடைசியில் மற்ற மூன்று டெம்பரரிகளுக்கு ஆர்டர் வந்தது, எனக்கு ஒரு கைகுலுக்கல் கிடைத்தது. பெண்களை வழியனுப்பும் மராத்தி வழக்கப்படி ஷோபா தாயி ஒரு தேங்காயும் ரவிக்கைத் துணியும் என் மடியில் வைத்து வழியனுப்பினார். போசரியிலிருந்து கட்கி வரை பஸ்ஸில் அந்தத் தேங்காயைக் கட்டிக்கொண்டு அழுதேன். டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர் தேங்காயைப் பார்த்துவிட்டு, கல்யாணமாகிப் போகிறேன் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்து வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வாட்டி," என்றார். "டிக்கெட்டு போன வாரமே எடுத்தாச்சு."

என் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு. ஜூனில் பாளையங்கோட்டை. பயிற்சி முடித்து, கட்கிக்கே திரும்பி வந்து, பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, முதல் வருஷம் முழுக்கத் தும்மினேன். பிற்பாடு பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதை இதற்கு முன்னால் தொட்டிருக்கிறவர் யார் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். தொட்டதை மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் டீச்சர். ஒருத்திக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததற்குத் தண்டனையாக, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் இது ஓயவில்லை. டேவிட் ஆரம்பித்து வைத்தான். எதைத் தூக்கிப் போட எடுத்தாலும், நேற்றைய சாம்பாரோ பழைய பேப்பரோ, "டெம்பரரியா, டெம்போவா?" என்று கேட்டாக வேண்டும். டெம்போ என்று யாராவது சொல்லிவிட்டால் அதைத் தொடக் கூடாது. என் கல்யாணத்தில் சர்ச் ஐயர் (எங்கள் பக்கம் பாதிரியாரும் ஐயர்தான்) சம்மதம் கேட்டு நிறுத்தியபோது, முதல் வரிசையிலிருந்து, "ஒய் அமுக்குக்கா" என்று ஒரு குரல் வந்து, ஐயரே தொண்டையைச் செருமிக்கொண்டார். என் கணவர் சாமுக்கு ராத்திரியே முழுக் கதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கேட்டு முடித்தவர் முதல் வேலையாகத் தன் சர்டிபிகேட்டுகளை அவர் அம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்தார்.

போன வருஷம் நான் ரிட்டயர் ஆனேன். அதற்கடுத்த திங்கட்கிழமை, பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்துக்குக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. காய்கறிப் பையோடு உள்ளே வந்த சாம், என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டெம்பரரியா, டெம்போவா?"

"பெர்மனென்ட்," என்றேன்.

"அப்ப இடம் பத்தாதே," என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பையோடு சமையலறைக்குள் போனார்.